தெருவில் மிச்சமிருக்கும் ஆறு பாட்டுகள்

சேலத்து விடுதியில் என்னோடு ஒரே வரிசையில் பாய் விரித்துப் படுத்த தோழர்களே, பாடம் உருப்போடும்போது நான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்பதை வைத்து நீங்கள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. "செக்கு மாடு கிளம்பிடுச்சு, வழி விடுங்கடா" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குவீர்கள். வகுப்பில் எழுந்து நின்று செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் எனக்கு மூன்றாவது வரியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் அசடு வழியச் சிரித்துவைப்பேன்.

இப்போது நாம் ஆளுக்கொரு ஊரில் வாத்தியார்களாகிவிட்டோம். பழைய மாணவர் மலருக்கு எதையாவது எழுதியனுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நடை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையே எழுதுகிறேன். வெட்கப்பட்டுக்கொண்டு எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு விறகு சுமந்துபோய் விற்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் எங்கள் சேரி. சேரிக்குக் கிழக்கே ஊர். ஊருக்கும் அப்பால், சந்தைச் சாலை ஓரமாக, எங்கள் சபையின் ஆலயம். நடுவில் ஊரின் பெரிய தெரு. அந்தத் தெருவில் நாங்கள் நடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதென்றால் ஏரிக்கரையைச் சுற்றி, கள்ளிக்காட்டுக்குள் நுழைந்து, காலில் முள்ளோடு போய்ச் சேருவோம். ஆராதனை தொடங்கும்போது எங்கள் சனம் பாதிப்பேர் குனிந்து முள் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அதை ஜெபம் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

எங்கள் சேரியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மண்சுவர், மேலே தென்னங்கீற்று, ஒரே வாத்தியார். பொம்மிடி ஸ்டேஷன் பக்கமிருந்து யாரோ தூக்கிவந்த தண்டவாளத் துண்டு ஒன்று வேப்பமரத்தில் தொங்கும். அதுதான் மணி. வாத்தியார் அதை இரும்புத் தடியால் அடித்தால் சத்தம் மலையில் போய் மோதித் திரும்பிவரும். ஒரு மணிக்கு இரண்டு மணி கேட்கும். எங்கள் குடும்பத்தில் எழுத்தைப் பார்த்து வாய் திறந்த முதல் ஆள் நான். அப்பா அந்த அதிசயத்தைத் தினமும் சோதித்துப் பார்ப்பார். வெல்லம் சுற்றிவந்த காகிதத்தை நீட்டி, "இதுல என்னாடா போட்டிருக்குது?" என்பார். நான் படித்தால், "பொய் சொல்லலியே?" என்று இன்னொரு தடவை படிக்கச் சொல்வார்.

ஒரு நாள் ஐயர் வந்தார். எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். வில்வண்டியை விட்டிறங்கி, வெள்ளை அங்கியின் ஓரம் மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றார். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த உதவி குறைந்துவிட்டதாம். பலனில்லாத பள்ளிகளை மூடப்போகிறார்களாம். எங்கள் பள்ளி இருக்க வேண்டுமானால், வருகிற அறுப்புப் பண்டிகைக்குள் பெரியவர்கள் எல்லாரும் வேதப்புத்தகத்திலுள்ள ஆரோகண சங்கீதங்கள் என்கிற பாட்டுகள் பதினைந்தையும் மனப்பாடமாக ஆலயத்தில் ஒப்பிக்க வேண்டுமாம்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "பள்ளிக்கூடம் போறது புள்ளைங்க. பரிச்சை எங்களுக்குங்களா?"

"பெற்றவர்கள் தலையில் ஏறாதது பிள்ளைகள் தலையில் எப்படி ஏறும்?" என்றார் ஐயர். கெட்ட மனிதர் அல்ல. அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதனால்தான் அதை மாற்ற முடியவில்லை.

வாத்தியார் அன்றைக்கே தொடங்கிவிட்டார். பொழுது சாய்ந்து எல்லாரும் வேலை முடிந்து வந்ததும் உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். யூத சனங்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்தவர்கள். பண்டிகைக்கு எருசலேமுக்குக் கால்நடையாகப் போவார்கள். எருசலேம் மலைமேல் இருப்பது. எந்தத் திசையிலிருந்து போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அப்படி ஏறும்போது கூட்டமாகப் பாடிக்கொண்டு போன பாட்டுகள் இவை.

அப்பா கை தூக்கினார். வகுப்பில் நாங்கள் தூக்குகிற மாதிரியே. "அந்த சனங்களுக்கு வழியில ஊர்க்காரன் யாரும் குறுக்க நிக்கலீங்களா?"

"நின்னிருப்பாங்க. அதுவும் இதுல வருது."

"அப்படீன்னா படிக்கலாங்க."

ஆனால் படிப்பு ஏறவில்லை. பகலெல்லாம் வெயிலில் நின்றவர்களை உட்காரவைத்தால் என்ன ஆகும்? இரண்டாவது வரிக்குள் தலை தொங்கும். வாத்தியார் ஒரு வரி சொல்வார். பதிலுக்குக் குறட்டை வரும். அப்பாவுக்கு முதல் பாட்டின் முதல் வரிகூடத் தங்கவில்லை. "ஓட்டச் சால்ல ஊத்தறீங்க வாத்தியாரே" என்று அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடம் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பண்ணைக்காரர் வீட்டில் எருமை மேய்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அந்தப் பண்ணைக்காரரின் கிணற்றில்தான் கவலை இறைத்தார். கவலை இறைப்பதைப் பார்க்காதவர்கள் உங்களில் இருக்கலாம். கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் மண்பாதைக்கு வாரி என்று பெயர். காளைகள் வாரியில் இறங்கினால், வடத்தில் கட்டிய தோல் சால் கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவந்து தண்ணீரைக் கொட்டும். காளைகளைப் பின்பக்கமாகவே மேட்டுக்கு நடத்தினால் சால் மறுபடி உள்ளே இறங்கும். காலையிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை அப்பா இப்படியே ஏறி இறங்குவார். நடைக்கு ஒரு பாட்டு உண்டு. இறங்கும்போது ஓர் அடி, ஏறும்போது ஓர் அடி. பாட்டு நின்றால் காளையும் நின்றுவிடும்.

பள்ளி இல்லாத நேரத்தில் பாத்திக்குப் பாத்தி மடை மாற்றிவிடுவது என் வேலை. ஒரு நாள் மிளகாய்ப் பாத்தியில் நின்றுகொண்டு இரண்டாவது சங்கீதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மலைகளை நிமிர்ந்து பார்த்து, எனக்கு உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிற பாட்டு அது.

"என்னாடா மொணகறே? சத்தமாச் சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். எதிரே மலை இருந்தது. அப்பா மலையைப் பார்த்தார். காளைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. தன் பழைய பாட்டை அப்படியே விட்டுவிட்டு, அதே மெட்டில், அதே இழுப்பில், நான் சொன்ன வரியை எடுத்துவிட்டார். காளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வரியை ஏறும்போது கேட்டார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் முழுப் பாட்டும் அவர் வாயில் இருந்தது. உட்கார்ந்து கேட்டபோது ஒட்டாமல் போனதெல்லாம் நடந்தபோது ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு பள்ளியின் வேதப்புத்தகம் கிணற்று மேட்டுக்கு வந்தது. வாத்தியாரே என்னிடம் கொடுத்தார். அட்டை போய், முதல் சில ஏடுகளும் போன புத்தகம். தண்ணீர் தெறித்து ஏடுகள் உப்பிக்கொண்டன. சாலுக்குத் தடவிய எண்ணெயின் நாற்றம் அதில் ஏறிவிட்டது. இன்றைக்கும் எந்தச் சங்கீதத்தைக் கேட்டாலும் எனக்கு முதலில் ஈரத்தோல் வாசனைதான் அடிக்கும்.

அம்மா அந்தப் பாட்டுகளை அப்பாவிடமிருந்து பிடித்துக்கொண்டார். சேரிப் பெண்கள் மலைக்காட்டில் விறகொடித்து, தலைச்சுமையாய் வரிசையாக இறங்கிவருவார்கள். முன்னால் போகும் அம்மா ஒரு வரியைப் பாட, அது ஒவ்வொரு வாயாகப் பின்னால் போகும். கடைசியில் வருகிற என் சின்னம்மாவிடம் போய்ச் சேரும்போது அம்மா அடுத்த வரிக்குப் போயிருப்பார். வேடனின் கண்ணி அறுந்து குருவி தப்பித்துப் போகிற பாட்டு சின்னம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். "எவன் கண்ணி வெச்சான்னு பேரு போட்டிருக்குதாடா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "பரவால்ல, நமக்குத் தெரியும்" என்றார்.

பத்தாவது பாட்டு வந்தது. என் முதுகின்மேல் ஏர் பூட்டி நீள நீளமாய்ச் சால் உழுதார்கள், ஆனாலும் என்னை வெல்லவில்லை என்று சொல்லுகிற பாட்டு. அப்பா அந்த வரியை ஏறும்போது ஒரு தடவை பாடினார். இறங்கும்போது அடுத்த வரியைக் கேட்கவில்லை. அதையே மறுபடியும் பாடினார். அவர் முதுகு எனக்குத் தெரியும். நான் மடையைத் திருப்பினேன்.

அன்றைக்குப் பண்ணைக்காரர் புளியமர நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். "பாட்டு புதுசா இருக்குதேடா" என்றார். "நல்லா இருக்குது. தண்ணிகூட ஓட்டமா வருது."

"ஆமாங்க சாமி" என்றார் அப்பா.

பண்ணைக்காரர் அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். தன் கிணற்றில் பாடுகிற பாட்டு வேறு எவன் கிணற்றிலும் இல்லையாம். வார்த்தைகளை அவர் காதில் வாங்கியதேயில்லை. கவலைக்காரன் பாட்டில் வார்த்தை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அறுப்புப் பண்டிகை வந்தது. கேழ்வரகுக் கதிரும் பூசணியும் கோழியும் சுமந்துகொண்டு கள்ளிக்காட்டைச் சுற்றிப் போனோம். ஆராதனை முடிந்ததும் ஐயர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை விரித்தார். எங்கள் பெரியவர்கள் கைகட்டி வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு.

"நீ சொல். முதலாவது."

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்தார். வரவில்லை. ஐயர் அம்மாவைப் பார்த்தார். அம்மா உதட்டை நனைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள், ஒருவருக்கும் ஒரு வரி வரவில்லை. வாத்தியார் முகம் செத்துப்போயிற்று. நான் அவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல்கள் எல்லாம் தரையில் துடித்துக்கொண்டிருந்தன.

"தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிடலாமே" என்றார் ஐயர், அலுப்போடு.

"தெரியுங்க ஐயா" என்றார் அப்பா. "நின்னா வரலீங்க. நடந்தா வரும்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சந்தைக் குமாஸ்தா ஒருவர் கெக்கலித்தார். "சங்கீதம் கால்லயா இருக்குது?"

"ஆமாங்க. கால்லதான் இருக்குது." அப்பா குமாஸ்தாவைப் பார்க்காமல் ஐயரைப் பார்த்தே சொன்னார். "அந்த சனங்க மலையேறிக்கினே பாடுனாங்கன்னுதான வாத்தியார் சொல்லிக்குடுத்தாரு? ஒக்காந்துக்கினா பாடுனாங்க?"

ஐயர் புத்தகத்தோடு எழுந்தார். "சரி. வெளியே வளாகத்தில் நடந்து சொல்லுங்கள். ஒரு வரி விட்டாலும் எனக்குத் தெரியும்."

நடந்தார்கள். முதல் அடியிலேயே பாட்டு வந்துவிட்டது. வாரியில் இறங்குகிற அதே இழுப்பு. ஆனால் ஆலய வளாகம் சின்னது. வேப்பமரத்தைத் தாண்டினால் சுவர். திரும்பினால் மறுபடி சுவர். ஒவ்வொரு திருப்பத்திலும் அடி இடறிப் பாட்டும் இடறியது. இரண்டாவது சுற்றில் அப்பா திரும்பவில்லை. வாசல் வழியாகச் சாலைக்கு இறங்கிவிட்டார். சேரிச் சனம் முழுக்கப் பின்னால் போயிற்று. அதற்குப் பின்னால் குடையும் புத்தகமுமாக ஐயர். அவருக்குப் பக்கத்தில் நான். ஒவ்வொரு பாட்டும் முடிய முடிய அவர் விரல் ஏட்டில் நகர்ந்தது. நாலாவது பாட்டில் அவர் குடை தாளத்துக்கு அசையத் தொடங்கியதை நான் பார்த்தேன். ஒன்பதாவது பாட்டு முடிந்தபோது பெரிய தெருவின் முனைக்கு வந்திருந்தோம்.

ஐயர் நின்றுவிட்டார். "போதும்! திரும்புங்கள்! அந்தப் பக்கம் வம்பு!"

அப்பா திரும்பவில்லை. நிறுத்தினால் பாட்டு மறந்துபோய்விடும் என்பதால்தான் நிறுத்தவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது எனக்குத் தெரியும். வடம் சிக்கிக்கொண்டால் கவலைக்காரன் பாட்டை நிறுத்துவான், சிக்கெடுப்பான், விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். அப்பா எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறார். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவ்வளவுதான்.

நான் ஐயரை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

தெருவில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். அந்த நெடியும், வாசல் தெளித்த சாணி வாசனையும், எங்கள் கால்கள் எழுப்பிய புழுதியும். நான் அதற்கு முன் பார்த்தே இராத கதவுகள். சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர் பாதி முகச் சோப்போடு எழுந்து நின்றார். பத்தாவது பாட்டின் நடுவில் பண்ணைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தோம். அவர் வெளியே பாய்ந்து வந்தார்.

"டேய், நிறுத்துடா! எங்கடா வர்றே? அது எங்கிணத்துப் பாட்டுடா! எங்கிணத்துப் பாட்ட எந்தெருவுலயே பாடிக்கினு வர்றியா?"

அப்பா வாய் பதில் சொல்லப் போனதால் பாட்டு அறுந்துவிடும் என்று நான் பயந்தேன். அறுந்துபோகவில்லை. முதுகில் உழுத வரியை அம்மா வாங்கிக்கொண்டார். அம்மாவிடமிருந்து அது பின்னால் போயிற்று. மலையிலிருந்து விறகோடு இறங்குகிற மாதிரியே.

அப்பா காலை நிறுத்தாமல் சொன்னார். "பாட்டு எங்களதுங்க. கெணறுதான் உங்களது."

சாமி என்று சொல்லவில்லை. அதைப் பண்ணைக்காரரும் கவனித்தார், நானும் கவனித்தேன்.

பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. அம்மாவின் தோளில் பட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தோளைத் தேய்த்துக்கொள்ளவும் இல்லை. குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றினார். இன்னொரு கல் வந்து புழுதியில் விழுந்தது. பதினோராவது பாட்டு, ஆழத்திலிருந்து கூப்பிடுகிற பாட்டு, தெருவின் மறுமுனையில் முடிந்தது. பதினைந்தாவது, எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் முடிந்தது. ஒரு வரி விடவில்லை. நான் மனசுக்குள் கூடவே வாசித்துக்கொண்டு வந்தேன்.

ஐயர் தெருமுனையிலிருந்தே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம் வாத்தியார் மூலமாகத் தீர்ப்பு வந்தது. ஒன்பது சங்கீதங்கள் வரைதான் தாம் கேட்டதாகவும், மீதி ஆறையும் கேட்காததால் தேறியதாகச் சொல்ல மனச்சாட்சி இடந்தரவில்லை என்றும் ஐயர் சொல்லியனுப்பியிருந்தார். பள்ளி மூடப்படும்.

"மீதி ஆறும் தெருவுல இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார் அப்பா. "வந்து கேட்டுக்கட்டும்."

வண்டி வந்தது. பலகை, நிலப்படம், சிலேட்டுகள், உப்பிப்போன வேதப்புத்தகம், மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு எல்லாவற்றையும் ஏற்றினார்கள். அந்தத் துண்டு வண்டியில் விழுந்தபோது எழுந்த சத்தம் மலைக்குப் போய்த் திரும்பிவந்தது. அதுதான் கடைசி மணி. வாத்தியாரும் ஏற வேண்டியவர். ஒரு காலை வண்டியில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். "நான் பின்னால நடந்து வர்றேன்" என்று வண்டிக்காரனிடம் சொன்னார். இன்று வரை அவர் போகவில்லை. அவருக்கு வீட்டுக்கு ஒரு வேளையாகக் களி போட்டோம்.

புத்தகமில்லாமல் எதை வைத்துப் படிப்பது? வாத்தியார் ஒரு காரியம் செய்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும் பெரியவர்களில் யாராவது ஒருவரைப் பள்ளியைச் சுற்றி நடக்கவைப்பார். அவர்கள் பாடுகிற வரியை மணலில் எழுதுவார். நாங்கள் அதைப் பார்த்து எழுதுவோம். எங்கள் சேரியின் பிள்ளைகள் எழுத்துக் கற்றது தாய் தகப்பன் கால்களிலிருந்து. பெற்றவர்கள் தலையில் ஏறாதது பிள்ளைகள் தலையில் ஏறாது என்ற ஐயரின் சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தலையை மட்டும் பார்த்துவிட்டுப் போன மனிதர்.

பண்ணைக்காரர் அப்பாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டு வேறொரு ஆளைக் கவலையில் போட்டார். காளைகள் பாதி மேடு ஏறி நின்றுவிட்டன. புது ஆள் தன் பாட்டைப் பாடிப் பார்த்தான், அடித்துப் பார்த்தான். ஆரோகண சங்கீதம் இல்லாமல் அவை அசையமாட்டேன் என்றுவிட்டன. அந்தக் காளைகள் பரீட்சைக்கு வந்திருந்தால் அவையும் தேறியிருக்கும். மிளகாய்ச் செடி தலை தொங்கியதும் ஆள் வந்தது, அப்பாவைக் கூப்பிட.

"வர்றேன். தெருவழியாத்தான் வருவேன்" என்று அப்பா சொல்லியனுப்பினார்.

"எந்த வழியாவது வந்து தொலையச் சொல்லு. மொளகா வாடுது" என்று பதில் வந்தது.

அனுமதி என்று அதற்குப் பெயர் வைக்க நான் தயாராக இல்லை. அப்பா அதைக் கேட்கவுமில்லை. நடந்தார். அவ்வளவுதான்.

தோழர்களே, இன்றைக்கு அந்தச் சேரியில் ஜில்லா போர்டு பள்ளி இருக்கிறது. நான்தான் வாத்தியார். என் பிள்ளைகள் நடந்துகொண்டே பாடம் சொல்கிறார்கள். போன மாதம் வந்த இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார். நீங்களும் கூட நடந்து பாருங்கள் என்றேன்.

சென்ற அறுப்புப் பண்டிகையில் ஐயரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "மீதி ஆறையும் அன்றைக்கே கேட்டிருக்கலாம் தம்பி. இப்போது சொல்லேன், இங்கேயே நின்று."

"அது தெருவுல இருக்குதுங்க ஐயா. நாங்க இப்பப் போறோம். மெதுவாத்தான் நடப்போம், வாங்க."

அவர் தெருமுனை வரை வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். முழங்கால் வலிக்கிறது என்றார். இருக்கலாம். நான் காத்து நிற்கவில்லை.

அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வோர் அறுப்புப் பண்டிகைக்கும் முன்னால் அவர்தான் நடக்கிறார். பத்தாவது பாட்டு வரும்போது, பண்ணைக்காரர் வாசலில், இன்றைக்கும் அந்த வரியை இரண்டு தடவை பாடுகிறார்.